குழந்தைகள் ஐ.சி.யூ.வுக்கு வரும் புது நர்ஸைப் பழக்குவது: முதல்முறை பொறுப்பேற்பவருக்கு

வருகிற திங்கட்கிழமை இரண்டு புது நர்ஸ்கள் வருகிறார்கள், அவர்களை நீங்கள்தான் பழக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு வேலை தெரியும். ஐந்தாறு வருடமாகக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறீர்கள், கை தானாக ஓடும். ஆனால் தானாக ஓடும் கையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு வேலை. நான் அதைச் செய்யத் தொடங்கியபோது எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் வென்டிலேட்டரில் ஆரம்பித்தேன். அது தவறு என்று புரிய ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அந்த ஒரு வருடம் வீணாகக் கூடாது.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் உடல் தன் கஷ்டத்தைக் கடைசிவரை மறைக்கும். ரத்த ஓட்டம் குறையும்போது இதயம் வேகமாக அடிக்கும், கைகால்களின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் மட்டும் அப்படியே நிற்கும். உடலால் இனித் தாங்க முடியாது என்ற இடம் வந்ததும் பிரஷர் படிப்படியாக இறங்காது, ஒரேயடியாக விழும். பிரஷர் விழுந்த பிறகு கண்டுபிடித்தால் தாமதமாகத்தான் கண்டுபிடித்திருக்கிறோம். அதற்கு முன்னால் குழந்தையின் முகத்திலும் தோலிலும் மூச்சிலும் தெரிவதைப் பார்க்கும் கண் வேண்டும். பார்த்ததை அந்த நிமிடமே வாய்விட்டுச் சொல்லும் தைரியம் வேண்டும். இந்த இரண்டையும் உண்டாக்குவதுதான் உங்கள் பொறுப்பில் பெரும்பகுதி. மிஷின் எல்லாம் அப்புறம்.

அவர்கள் வருவதற்கு முன்

யார் வருகிறார்கள் என்று விசாரியுங்கள். படிப்பு முடித்து நேராக வருபவருக்கும், பெரியவர்கள் ஐ.சி.யூ.வில் நான்கு வருடம் இருந்துவிட்டு வருபவருக்கும் ஒரே பாடம் சொல்லக் கூடாது. புதிதாக வருபவருக்குப் பயம் இருக்கும், ஆனால் கவனிப்பார், கேட்பார். அனுபவசாலிக்கு வென்டிலேட்டரும் சிரிஞ்ச் பம்பும் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் குழந்தையைச் சின்ன சைஸ் பெரியவராகப் பார்ப்பார். அவர் புதிதாகக் கற்க வேண்டியதைவிட மறக்க வேண்டியது அதிகம். அதை மரியாதையோடு, தனியாக அழைத்து, முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்சார்ஜிடம் இரண்டு விஷயங்களை உறுதியாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, பழகும் நாட்களில் அவர்களை டியூட்டி எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. ஆள் குறைவான நாளில் "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பெட்டைப் பார்க்கட்டும்" என்று ஆரம்பிக்கும், பழக்குவது அன்றோடு முடிந்துபோகும். இரண்டு, முதல் சில வாரங்களுக்கு ஒரே ஆளோடு, அந்த ஆளின் ஷிஃப்டிலேயே அவர்களைப் போட வேண்டும். தினம் ஒருவரிடம் அனுப்பினால் ஒவ்வொருவரும் ஒரு முறை சொல்லுவார்கள், புது நர்ஸ் குழம்பிப்போவார். கால அளவு என்று கேட்டால், என் கணக்கில் ஆறு வாரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. பன்னிரண்டு வாரம் கிடைத்தால் நிம்மதி.

ஒரு நோட்டு போடுங்கள். செய்யத் தெரிய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: பார்த்த தேதி, நீங்கள் கூட நிற்க அவர் செய்த தேதி, தனியாகச் செய்த தேதி. மூன்றாவது கட்டத்தில் உங்கள் கையெழுத்து இல்லாத வேலையை அவர் தனியாகச் செய்யக் கூடாது. இது அவருக்கும் பாதுகாப்பு, குழந்தைக்கும் பாதுகாப்பு.

முதல் வாரம்: மானிட்டருக்கு முதுகைக் காட்டி நிற்க வையுங்கள்

புது நர்ஸைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்துங்கள். அவர் முதுகு மானிட்டருக்கு இருக்கட்டும். நீங்கள் மானிட்டரைப் பார்த்தபடி எதிரே நில்லுங்கள். குழந்தையைத் தொடாமல், அரை நிமிடம், பார்க்க மட்டும் சொல்லுங்கள். அப்புறம் மூன்றைக் கேளுங்கள்.

குழந்தை எப்படி இருக்கிறது? கண் யாரையாவது தேடுகிறதா, கைகாலில் முறுக்கு இருக்கிறதா, அழுகை ஓங்கி வருகிறதா அல்லது தேய்ந்துபோய் வருகிறதா. ஊசி குத்தும்போது அழுது எதிர்க்கும் குழந்தையைக் கண்டு பயப்பட வேண்டாம், குத்தியும் சும்மா கிடக்கும் குழந்தையைக் கண்டுதான் பயப்பட வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.

மூச்சு எப்படி இருக்கிறது? மூக்கு விடைக்கிறதா, விலாவுக்கு நடுவிலும் நெஞ்செலும்புக்குக் கீழும் உள்ளே இழுக்கிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை முன்னும் பின்னும் ஆடுகிறதா. பச்சிளங்குழந்தையிடம் மூச்சு விடும் முடிவில் 'ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். குழந்தை தூக்கத்தில் முனகுகிறது என்று புதியவர்கள் கடந்துவிடுவார்கள். நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, குரல்வளையைப் பாதி மூடி உள்ளே காற்றைத் தேக்கி வைக்கக் குழந்தை படும் பாடு அந்தச் சத்தம். ஒருமுறை உண்மையான முனகலைக் காதால் கேட்டுவிட்டால் பிறகு மறக்காது. எந்தக் குழந்தையிடம் அது கேட்டாலும், என்ன வேலையில் இருந்தாலும், புது நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்க வையுங்கள்.

நிறம் எப்படி இருக்கிறது? வெளிறியிருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா, தோலில் வலை போட்டதுபோல் திட்டுத்திட்டாக இருக்கிறதா. தோல் கறுப்பாக உள்ள குழந்தைக்கு உதட்டின் உள்பக்கம், நாக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றைப் பார்க்கப் பழக்குங்கள்.

இந்த அரை நிமிடம் முடிந்த பிறகுதான் கை. புறங்கையைக் குழந்தையின் கால்விரலில் வைத்து மெதுவாக மேலே ஏற்றச் சொல்லுங்கள். குளிர்ச்சி எங்கே முடிந்து சூடு எங்கே ஆரம்பிக்கிறது? கணுக்காலிலா, முழங்காலிலா? காலையில் முந்தைய ஷிஃப்டிடம் பொறுப்பை வாங்கும்போது, அதாவது ஓவர் எடுக்கும்போது, கணுக்கால்வரை இருந்த குளிர்ச்சி பத்து மணிக்கு முழங்காலுக்கு ஏறியிருந்தால், மானிட்டரில் எல்லா எண்ணும் சரியாக இருந்தாலும் அது செய்திதான். அடுத்து, நெஞ்செலும்பின் மேல் விரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுக்கச் சொல்லுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். மூன்றைத் தாண்டினால் உடனே சொல்ல வேண்டும். அறை குளிராக இருந்தாலும் விரல்நுனியில் நேரம் கூடுதலாகக் காட்டும், அதனால்தான் நெஞ்சு.

ஒவ்வொரு ஷிஃப்டிலும், ஒவ்வொரு குழந்தைக்கும், இதே வரிசை. அவர் சொல்லி முடித்ததும் மானிட்டரைத் திரும்பிப் பார்க்கட்டும். கண் சொன்னதும் மிஷின் சொன்னதும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகவில்லையென்றால், முதலில் குழந்தையை மறுபடி பாருங்கள், பிறகு உடலில் ஒட்டியிருக்கும் லீடை, ப்ரோபைப் பாருங்கள் என்ற வழக்கத்தை இந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

இந்த வாரத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று. நிமிடத்துக்கு 70 மூச்சு விட்டுத் திணறிக்கொண்டிருந்த ஒரு குழந்தை திடீரென்று 30-க்கு வந்து அமைதியாகிவிட்டது. என்னோடு இருந்த புது நர்ஸ் சந்தோஷமாக "சிஸ்டர், செட்டில் ஆயிடுச்சு" என்றார். நான் போய்ப் பார்த்தபோது குழந்தையின் கண் பாதி மூடியிருந்தது, கையைத் தூக்கிவிட்டால் அப்படியே விழுந்தது. அது குணமாகவில்லை, களைத்துப்போயிருந்தது. அடுத்த இரண்டு நிமிடத்தில், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. குழந்தை பிழைத்தது. மூச்சு குறையும்போது குழந்தை விழிப்பாகி, சுற்றிலும் பார்த்து, பால் தேடினால்தான் அது முன்னேற்றம். துவண்டுகொண்டே குறைந்தால் அது ஆபத்து. இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று யோசிக்காமல் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எண்கள்: குறைவாக, ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி

ஒரு பக்கம் முழுக்கச் சார்ட்டைக் கொடுத்து மனப்பாடம் செய் என்றால் ஒன்றும் நிற்காது. சார்ட் சுவரில் இருக்கட்டும். மனதில் நிற்க வேண்டியவை கொஞ்சம்தான்.

வேகமான மூச்சுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை: இரண்டு மாதத்துக்குக் கீழ் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. முழு நிமிடம் எண்ண வேண்டும். பச்சிளங்குழந்தை சில விநாடி நிறுத்தி, சேர்த்துச் சேர்த்து மூச்சுவிடும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகிவிடும்.

மேல் பிரஷரின் கீழ் எல்லைக்கு ஒரு எளிய கணக்கு: ஒன்று முதல் பத்து வயதுவரை, வயதை இரண்டால் பெருக்கி 70 கூட்டுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு 78. அதற்குக் கீழே போனால் பிரஷர் குறைவு. ஒரு வயதுக்குள் 70, நிறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கு 60, பத்து வயதுக்கு மேல் 90. குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே டாக்டர் எழுதிவைத்த எல்லைதான்.

பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு மூன்று எண்கள் கூடுதலாக வேண்டும். அக்குளில் வைத்துப் பார்க்கும் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை. ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் 90 முதல் 95 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். புதியவர்கள் 100 காட்டினால் நல்லது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன் குறைமாதக் குழந்தையின் விழித்திரை ரத்தக்குழாய்களைக் கெடுத்துப் பார்வையையே பறிக்கலாம் என்று காரணத்தோடு சொன்னால்தான் அந்த மேல் அலாரத்தை அணைக்காமல் இருப்பார்கள். மூன்றாவது ரத்தச் சர்க்கரை: டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் காத்திருக்கக் கூடாது. குளிர், சர்க்கரைக் குறைவு, மூச்சுத்திணறல் இவை மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். ஒன்றைக் கண்டால் மற்ற இரண்டையும் தேட வேண்டும்.

மருந்துக் கணக்கு: இங்கே அவசரப்படாதீர்கள்

இந்தப் பகுதிக்கு நான் முழுதாக இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறேன். பெரியவர்கள் பிரிவில் ஒரு ஆம்பியூல், அதாவது ஒரு மருந்துக் குப்பி, என்றால் பெரும்பாலும் ஒரு டோஸ். இங்கே ஒரு ஆம்பியூலில் பத்துக் குழந்தைகளுக்கு மருந்து இருக்கும். புள்ளி ஒரு இடம் நகர்ந்தால் பத்து மடங்கு.

முதல் பயிற்சிக்கு மருந்தே வேண்டாம். ஒரு அளவுக் கோப்பையில் 90 மில்லி தண்ணீர் ஊற்றி, சிவப்புச் சாயம் கலந்து மேஜையில் வையுங்கள். ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தையின் உடம்பிலுள்ள மொத்த ரத்தம் ஏறக்குறைய இவ்வளவுதான். இப்போது புது நர்ஸின் கையில் சிரிஞ்சைக் கொடுத்து, "லேபுக்கு மூன்று மில்லி எடுங்கள்" என்று சொல்லுங்கள். எடுத்ததும், "ரத்தம் உறைந்துவிட்டதாம், மறுபடி கேட்கிறார்கள்" என்று இன்னொரு மூன்று. சாயங்காலத்துக்கு இன்னொரு மூன்று. ஒன்பது மில்லி போய்விட்டது, அதாவது பத்தில் ஒரு பங்கு. ஒரு பெரியவரிடமிருந்து ஒரே நாளில் அரை லிட்டர் எடுத்ததற்குச் சமம். யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கோப்பையின் கோடு கீழே இறங்கியிருப்பதைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் ஒவ்வொரு சொட்டையும் எழுதிவைக்கிறார்கள்.

இரண்டாவது பயிற்சி அட்ரினலின். இதயம் நிற்கும்போது கொடுக்கும் அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பத்தாயிரத்தில் ஒன்று என்ற கரைசலில் ஒரு மில்லிக்கு 0.1 மில்லிகிராம் இருக்கிறது. ஆக, கிலோவுக்கு 0.1 மில்லி. மூன்று கிலோ குழந்தைக்கு 0.3 மில்லி. ஆனால் ஆம்பியூலில் வருவது பெரும்பாலும் ஆயிரத்தில் ஒன்று. கலக்காமல் அதே 0.3 மில்லியை ஏற்றினால் பத்து மடங்கு. ஆம்பியூலைக் கையில் கொடுத்து, லேபிளைச் சத்தமாகப் படிக்க வைத்து, ஒரு மில்லி எடுத்து ஒன்பது மில்லி சலைன் சேர்த்துக் கலக்க வையுங்கள். ஒரு முறை போதாது. பத்து முறையும் கை நடுங்காமல் வர வேண்டும்.

இருவர் சரிபார்ப்பது பற்றி. ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டி "சரிதானே சிஸ்டர்?" என்று கேட்க, மற்றவர் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. இருவரும் தனித்தனித் தாளில் போட வேண்டும், விடையை ஒருவருக்கொருவர் காட்டாமல். அப்புறம் ஒப்பிட வேண்டும். புது நர்ஸின் விடையும் உங்கள் விடையும் மாறினால், உங்களுடையதுதான் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இருவரும் மறுபடி போடுங்கள். ஒருமுறை உங்கள் தப்பு அவர் கண்ணில் பட்டு நீங்கள் நன்றி சொன்னால், வருடக்கணக்கில் அவர் வாய்திறந்து பேசுவார்.

டிரிப் கணக்குக்கு 1957-ல் ஹாலிடேவும் சீகாரும் கொடுத்த முறை இன்றும் ஓடுகிறது: முதல் பத்து கிலோவுக்கு கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த பத்துக்கு 50, அதற்கு மேல் 20. பதினான்கு கிலோ குழந்தைக்கு ஆயிரமும் இருநூறும் சேர்ந்து நாளொன்றுக்கு 1200 மில்லி, மணிக்கு 50. பிறந்து சில நாட்களே ஆன சிசுவுக்கு இது பொருந்தாது, அங்கே நாளுக்கு நாள் தனிக் கணக்கு. எந்தக் குழந்தையானாலும் மருந்து கரைக்கும் திரவம், லைனைக் கழுவும் திரவம் எல்லாம் சேர்த்துத்தான் மொத்தம் என்பதைப் புதியவர்கள் மறப்பார்கள்.

வேகமாகத் திரவம் ஏற்றச் சொன்னால், கிலோவுக்கு 10 அல்லது 20 மில்லி ஏற்றிவிட்டுப் போய்விடக் கூடாது. 2011-ல் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வில், காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த குழந்தைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றியபோது இறப்பு கூடியது தெரியவந்தது. அதனால் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் கல்லீரல் விளிம்பு இறங்கியிருக்கிறதா, நுரையீரலில் கரகரப்பு வந்திருக்கிறதா, துடிப்பு குறைந்ததா என்று பார்க்க வேண்டும். பார்த்ததைச் சொன்ன பிறகுதான் அடுத்தது.

மூச்சுவழியும் அம்பு பேக்கும்

குழந்தைகளுக்கு இதயம் நிற்பது பெரும்பாலும் மூச்சு நின்றதால்தான். பெரியவர்கள் ஐ.சி.யூ.விலிருந்து வருபவருக்கு இதை இரண்டு முறை சொல்லுங்கள், ஏனென்றால் அவர் கை முதலில் நெஞ்சை அழுத்தத்தான் போகும்.

சிசுவின் பின்தலை பெரிது. மல்லாக்கப் படுக்கவைத்தால் தாடை நெஞ்சோடு மடிந்து மூச்சுவழி அடைபடும். தோளுக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். கழுத்தை அதிகமாகப் பின்னுக்குத் தள்ளினாலும் அடைபடும் என்பதையும் பொம்மையில் காட்டுங்கள். சின்னக் குழந்தை மூக்கால் மூச்சுவிடுகிறது, அதனால் மூக்கில் சளி என்பது அதற்குச் சின்ன விஷயம் இல்லை.

அம்பு பேக்கைப் பொம்மையில் பழக்கும்போது அவர் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எல்லாரும் பையைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது நெஞ்சை. நெஞ்சு லேசாக எழும்பும் அளவுக்கு அமுக்கினால் போதும், முழுப் பையையும் பிழிந்தால் நுரையீரல் வெடிக்கலாம், வயிறு உப்பலாம். மாஸ்க்கைப் பிடிக்கும் விரல்கள் தாடை எலும்பின் மேல் இருக்க வேண்டும், கீழே உள்ள மெத்தென்ற இடத்தை அழுத்தினால் நாக்கு மேலே போய் அடைத்துவிடும். நெஞ்சு எழும்பவில்லையா? தலை, மாஸ்க், சளி என்று வரிசையாகச் சரிசெய்யப் பழக்குங்கள்.

மூச்சுக்குழாயில் ட்யூப் போட்ட குழந்தை திடீரென்று மோசமானால் நான்கு காரணங்களைத் தேட வேண்டும்: ட்யூப் நகர்ந்திருக்கலாம், அடைத்திருக்கலாம், நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்திருக்கலாம், மிஷினில் கோளாறு இருக்கலாம். மிஷினைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. வென்டிலேட்டரிலிருந்து கழற்றிக் கையால் மூச்சுக் கொடுத்தபடியே தேட வேண்டும். உதட்டருகே ட்யூப் எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்பதை ஓவர் கொடுப்பவரும் எடுப்பவரும் சேர்ந்து பார்த்துச் சத்தமாகச் சொல்லும் வழக்கம் வேண்டும். சளியை உறிஞ்ச சக்ஷன் போட்டால் பத்து விநாடிக்கு மேல் கூடாது.

நெஞ்சை அழுத்துவது: துடிப்பு 60-க்குக் கீழே போய், ஆக்சிஜனும் மூச்சும் கொடுத்தும் ரத்த ஓட்டம் மோசமாகவே இருந்தால், இதயம் முழுதாக நிற்கும்வரை காத்திராமல் ஆரம்பிக்க வேண்டும். நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120. இருவர் இருந்தால் 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு. அப்போதுதான் பிறந்த சிசுவுக்கு 3-க்கு 1. இரண்டு கட்டைவிரலும் நெஞ்சின் மேல், மற்ற விரல்கள் முதுகைச் சுற்றி. இதைப் பேசிப் புரியவைக்க முடியாது, கையில்தான் வர வேண்டும்.

நடித்துப் பாருங்கள்

ஒரு அவசரநிலை வந்ததுபோல் நடித்துப் பழக விலையுயர்ந்த பொம்மை தேவையில்லை. காலியாக இருக்கும் கட்டிலில், அவசர மருந்தும் கருவியும் வைக்கும் உண்மையான கிராஷ் கார்ட்டோடு, பத்து நிமிடம். உண்மையான கார்ட்டாக இருப்பது முக்கியம். எந்த டிராயரில் சின்ன மாஸ்க் இருக்கிறது என்று தேடித் தவிப்பது இப்போது நடக்கட்டும். முடிந்ததும் கார்ட்டைப் பழையபடி நிரப்பிச் சரிபார்ப்பதும் அவர் வேலை, அதிலேயே பாதி இடம் மனதில் நிற்கும்.

ஒரு கட்டளை கேட்டால் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், செய்து முடித்ததும் முடிந்தது என்று சொல்ல வேண்டும். "அட்ரினலின் 0.3 மில்லி கொடுங்க." "அட்ரினலின் 0.3 மில்லி." "கொடுத்தாச்சு, மணி 10.42." இது முதலில் நாடகம்போல் தோன்றும், கூச்சப்படுவார்கள். நீங்களே முதலில் செய்து காட்டுங்கள்.

நடித்து முடித்த பிறகு பேசுவதற்கு நடித்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் வேண்டும். "ஏன் இப்படிச் செய்தீங்க?" என்று ஆரம்பித்தால் வாயடைத்துப்போவார்கள். "அந்த நேரத்தில் என்ன பார்த்தீங்க, என்ன நினைச்சீங்க?" என்று கேளுங்கள். எல்லார் முன்னாலும் திட்டாதீர்கள். பயிற்சியில் அவமானப்பட்டவர் உண்மையான அவசரத்தில் பின்னால் போய் நிற்பார். இதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சொல்லப் பழக்குவது

கண் பார்த்துவிட்டது. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு டாக்டரை எழுப்ப வேண்டும். எண்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. எழுப்பித் திட்டு வாங்கினால்? இந்தத் தயக்கத்தில்தான் நேரம் போகிறது.

வாய்க்கு ஒரு வரிசை கொடுங்கள்: இப்போது என்ன நடக்கிறது, குழந்தையின் பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். "டாக்டர், நாலாம் பெட் சிஸ்டர் பேசுறேன். ஏழு மாசக் குழந்தை, வயிற்றுப்போக்குன்னு நேத்து வந்தது, எட்டு கிலோ. ஒரு மணி நேரமா துடிப்பு 150-லிருந்து 180 ஆயிருக்கு, கால் முழங்கால்வரை சில்லுனு இருக்கு, நெஞ்சில் அழுத்தினா நாலு விநாடி ஆகுது. பிரஷர் இன்னும் 82 இருக்கு. ஷாக்குக்குப் போகுதுன்னு நினைக்கிறேன். உடனே வந்து பாருங்க, வர்றதுக்குள்ள நான் என்ன ஆரம்பிக்கட்டும்?" இவ்வளவுதான், அரை நிமிடம். இதை போனைக் கையில் வைத்துக்கொண்டு பழக வையுங்கள். நீங்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டாக்டராக மறுமுனையில் இருங்கள், "காலையில் பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் விட்டுவிடாமல் மறுபடி சொல்கிறாரா? சொன்ன பிறகும் நடக்கவில்லை என்றால் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று பெயரோடு தெரிந்திருக்கிறதா?

காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், "ஏதோ சரியில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது, வந்து பாருங்கள்" என்பது முழுமையான செய்தி என்று சொல்லிக்கொடுங்கள். அதைச் சொல்லி, வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அந்தச் சூழலை உண்டாக்க டாக்டர்களோடும் நீங்கள் பேச வேண்டியிருக்கும்.

அதேபோல் அம்மா சொல்வது. "இவன் எப்பவும் இப்படி அழமாட்டான்", "பார்வை வேற மாதிரி இருக்கு" என்று ஒரு தாய் சொன்னால் அதைச் சார்ட்டில் ஒரு அறிகுறியாகவே எழுத வேண்டும். நாம் அந்தக் குழந்தையை இரண்டு நாளாக மட்டுமே தெரிந்தவர்கள்.

வலி, சத்தம், தொடுகை

ட்யூப் போட்ட குழந்தை அழுதால் சத்தம் வராது. முகம் சுருங்கும், கண்ணோரம் நனையும், கால் விறைக்கும், துடிப்பு ஏறும். முகம், கால், அசைவு, அழுகை, ஆறுதலுக்கு அடங்குவது இவை ஐந்துக்கும் மதிப்பெண் போடும் வலி அளவுகோலை மற்ற அளவுகளோடு சேர்த்தே எழுதப் பழக்குங்கள். சிசுவுக்குக் குதிகாலில் குத்தும்முன் தாய்ப்பாலோ சில துளி சர்க்கரைக் கரைசலோ நாக்கில் விட்டு, கைகாலை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டால் வலி குறைகிறது. குத்தும் இடம் குதிகாலின் ஓரங்கள், நடுவில் அல்ல.

தொடும் வேலைகளைச் சேர்த்துச் செய்து, நடுவில் குழந்தையைத் தூங்கவிட வேண்டும். இன்குபேட்டர் மேல் பாட்டிலை வைப்பதும் கதவைப் படாரென்று மூடுவதும் உள்ளே இடிபோல் கேட்கும். புது நர்ஸின் காதை இன்குபேட்டரின் ஜன்னலில் வைத்து, நீங்கள் மேலே தட்டிக் காட்டுங்கள்.

ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் கேனுலா போட்ட இடத்தை மணிக்கு ஒருமுறை பார்த்துத் தொட வேண்டும். மருந்து வெளியே கசிந்து தோல் கருகுவது ஒரு மணி நேரத்தில் நடந்துவிடும். பம்ப் அலாரம் அடிக்கும்வரை காத்திருந்தால் தாமதம்.

தோலோடு தோல் வைத்து அணைப்பதை 1978-ல் பொகோட்டாவில் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா இன்குபேட்டர் பற்றாக்குறையால்தான் ஆரம்பித்தார். இன்று எல்லா வசதியும் உள்ள இடங்களிலும் செய்கிறார்கள், ஏனென்றால் குழந்தையின் சூடும் மூச்சும் துடிப்பும் சீராகின்றன. வயர்களோடு குழந்தையை எடுத்து அம்மாவின் மார்பில் வைக்கப் புதியவர்கள் பயப்படுவார்கள். முதல் மூன்று முறை நீங்கள் ட்யூபைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தனியாக விடுவது

முதலில் வார்டுக்குப் போகத் தயாரான குழந்தை, அப்புறம் ஆக்சிஜனில் உள்ள குழந்தை, அப்புறம் வென்டிலேட்டரில் நிலையாக உள்ள குழந்தை, கடைசியாக இதய மருந்துகள் ஓடும் குழந்தை. இந்த வரிசையை ஆள் பற்றாக்குறைக்காக மாற்றாதீர்கள். நோட்டின் மூன்றாவது கட்டம் நிரம்பியிருந்தாலும், அவர் தயாரில்லை என்று சொன்னால் ஒரு வாரம் கூடுதலாகக் கொடுங்கள்.

குழந்தை இறப்பதையும் பழகும் காலத்திலேயே பேசிவிட வேண்டும். முதல் மரணம் தனியாக இருக்கும் ராத்திரியில் வந்துவிடக் கூடாது. ஒரு குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால், புது நர்ஸை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பெற்றவர்கள் மடியில் வைத்துக்கொள்ள எப்படி இடம் செய்துகொடுக்கிறோம், எந்த வயரை எடுக்கலாம், குழந்தையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம் என்பதை அவர் பார்க்கட்டும். நீங்கள் அழுதால் அதையும் பார்க்கட்டும். அன்று டியூட்டி முடிந்ததும் அவரை நேராக வீட்டுக்கு அனுப்பாமல் பத்து நிமிடம் உட்காரவையுங்கள்.

முதல் தனி ராத்திரியை, நீங்களும் அதே ஷிஃப்டில், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போடுங்கள். கூப்பிடாதவரை போகாதீர்கள். கூப்பிட்டால் நடந்து போகாமல் ஓடிப் போங்கள். காலையில் ஓவர் கொடுத்து முடித்ததும், என்ன செய்தீர்கள் என்று கேட்காமல், ராத்திரி குழந்தையிடம் என்ன மாறியது என்று கேளுங்கள். "மூன்று மணிக்குக் கால் கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது, டயப்பர் நனைந்து ஆறு மணி நேரம் ஆச்சுன்னு பார்த்தேன், டாக்டரிடம் சொன்னேன்" என்ற மாதிரிப் பதில் வந்தால் நோட்டில் கையெழுத்துப் போடலாம். "எல்லாம் நார்மல்தான் சிஸ்டர்" என்று மட்டும் வந்தால், இன்னும் சில நாள் கால்மாட்டில் சேர்ந்து நில்லுங்கள்.

அம்பு பேக்கும் நெஞ்சழுத்தமும் பழகாவிட்டால் சில மாதங்களிலேயே கைவிட்டுப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு தள்ளுவண்டியில் பொம்மையை ஏற்றிக்கொண்டு அவர் கட்டிலருகே போய், ஆளுக்குப் பத்து நிமிடம் செய்ய வையுங்கள். அடுத்த தேதியை அன்றே ரோஸ்டரில் குறித்துவிடுங்கள்.